கடல் ஏன் மங்கியது?

பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் அச்சாகி வந்து இறங்கும் நாள், உபாத்தியாயர்களுக்கு ஏறக்குறைய ஒரு கல்யாண நாள் போன்றது. பல மாதப் பிரயாசை, பல பேரிடம் கெஞ்சி வாங்கிய விளம்பரங்கள், திருத்தித் திருத்திக் கண் பூத்துப்போன கட்டுரைகள் எல்லாம் ஒரு கட்டுக்குள் அடங்கி வாசலில் வந்து நிற்கும். கயிற்றை அறுத்ததும் எழும் புது மையின் வாசனைக்கு ஈடாக வேறொன்றையும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஒரு கட்டை அவிழ்த்து மேலட்டையைப் பார்த்த மாத்திரத்தில், கயிறும் கையுமாகச் சிறிது நேரம் பேச்சற்று நின்றுவிட்டோம்.

அந்தக் கதையையும், அதிலிருந்து நாம் கற்ற பாடத்தையும் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், சங்கத்தின் ஆண்டறிக்கை என்று ஏதாவது ஒன்றைக் கணினியில் அமைத்து அச்சுக்கு அனுப்பாத குடும்பம் இந்நாளில் அரிது. ஆகவே நமக்கு நேர்ந்தது பிறருக்கும் நேரக்கூடும். நேராமல் தடுக்கவும் கூடும்.

நம்முடையது கடற்கரை ஊர். அந்த வருஷத்து மலருக்கு மேலட்டைச் சித்திரம் வரையும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒப்புவித்தோம். தந்தை கடலுக்குப் போகிறவர். பெண்ணுக்குக் கையில் பென்சிலைக் கொடுத்தாலும் சித்திரம் வரும். பள்ளிக்கூடத்துப் பலகைக் கணினியைக் கொடுத்தாலும் சித்திரம் வரும். "எவ்வளவு பெரிய படமாக வரைய வேண்டும் ஸார்?" என்று அவள் கேட்டாள். நாம் அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் அச்சுக்கூடத்தில் பார்த்துக்கொள்வார்கள், நீ உன் இஷ்டம் போல் வரையம்மா" என்று சொல்லிவிட்டோம். அந்த ஒரு வாக்கியத்துக்காக நாம் பின்னால் எவ்வளவு வருந்தினோம் என்பதை நேயர்கள் போகப்போக அறிவார்கள்.

அவள் வரைந்து கொண்டுவந்த சித்திரம் திரையில் ஜொலித்தது. விடியற்காலைக் கடல், சொல்லி முடியாத நீலம். கரையில் இழுத்து வைத்த படகுகள், அவற்றின் மேல் காயும் வலைகள், வலைகளின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக. வலது பக்கத்து அடி மூலையில், ஓரத்தை ஒட்டினாற்போல், சிறிய எழுத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். பார்த்தவர்கள் எல்லோரும் பிரமித்தார்கள். அன்று மாலையே கோப்பை அச்சுக்கூடத்துக்கு அனுப்பினோம். விழா நெருங்கிவிட்டபடியால், "புரூப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, 500 பிரதி போட்டுவிடுங்கள்" என்றும் சொல்லிவிட்டோம்.

வந்த மலரில் கடல் நீலமாக இல்லை. கத்தரிப் பூவும் சாம்பலும் கலந்தாற்போல் ஒரு நிறமாக மங்கிக் கிடந்தது. வலைகள் பஞ்சாகக் கலைந்திருந்தன. மூலையிலிருந்த பெயரில் முதல் எழுத்து மட்டும் மிஞ்சி, மற்றவை வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

அந்தப் பெண் மலரை வாங்கிப் பார்த்தாள். கடலைப் பற்றியோ வலையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "பேர் எங்கே ஸார்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை ஸார்" என்று அவளே சமாதானமும் சொன்னாள். மறுநாள் விழாவுக்கு அவளுடைய தாயார் வந்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்து, மேலட்டையின் மூலையில் விரலை வைத்து, அங்கே இல்லாத பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நாம் கோபாவேசத்துடன் அச்சுக்கூடத்துக்குப் போனோம். முதலாளி வயதானவர், ஈய எழுத்துக் கோக்கும் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். நாம் பேசி முடிக்கும் வரையில் பொறுமையாகக் கேட்டார். பிறகு நம் கோப்பைத் திரையில் திறந்து வைத்து, கையில் ஒரு பூதக் கண்ணாடியையும் கொடுத்தார். குற்றம் சாட்டப் போன நாம் பாடம் கேட்டுக்கொண்டு திரும்பினோம்.

"ஸார், திரை ஒரு விளக்கு. காகிதம் விளக்கல்ல" என்று அவர் ஆரம்பித்தார்.

இதைச் சற்று விரித்துச் சொல்வோம். நாடக மேடையின் மீது சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் ஒரே இடத்தில் பாய்ச்சினால் அந்த இடம் மஞ்சளாகத் தெரியும். அத்துடன் நீல விளக்கையும் சேர்த்தால் வெண்மையாகிவிடும். 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் விஞ்ஞானி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கொண்டே ஒரு வர்ணப் புகைப்படத்தைத் திரையில் தோற்றுவித்துக் காட்டினார். கைபேசியும் கணினியும் இன்று அதையேதான் செய்கின்றன. வெளிச்சத்தின் மேல் வெளிச்சம் சேரச்சேரப் பிரகாசம் கூடுகிறது.

மை அப்படியல்ல. வாசலில் கோலப் பொடியின் சிவப்பும் பச்சையும் கலந்தால் என்ன நிறமாகும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவார்கள், சேற்று நிறமாகும். காகிதத்தின் மீது விழுந்த வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிக்கொண்டு, மிஞ்சியதைத்தான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மையின் மேல் மை சேரச்சேர வெளிச்சம் குறைகிறது. ஆகையால் அச்சுக்கு வேறு மூன்று நிறங்கள் வேண்டியிருக்கின்றன: சயான் என்னும் வான்நீலம், மெஜந்தா என்னும் ஊதாச் சிவப்பு, மஞ்சள். இவற்றுடன் கறுப்பும் சேர்ந்து நான்கு. ஜேகப் கிறிஸ்டாப் லெ பிளான் என்பவர் நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று மைகளைக் கொண்டு வர்ணப் படம் அச்சிடும் முறைக்கு 1719-இலேயே இங்கிலாந்தில் உரிமை பெற்றார். நம் நாட்டில் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடத்தில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு தனிக் கல்லாக வைத்துச் சரஸ்வதியையும் லக்ஷ்மியையும் அச்சிட்டார்கள். இன்று கல்லுக்குப் பதிலாக உலோகத் தகடு. நான்கு மைக்கு நான்கு பிளேட், அவ்வளவுதான் வித்தியாசம்.

திரையில் தோன்றும் நிறங்கள் எல்லாம் இந்த நான்கு மைகளுக்குள் அடங்குவதில்லை. கண்ணைப் பறிக்கும் நீலம், பளிச்சென்ற இளம்பச்சை, சுடர்விடும் ஆரஞ்சு ஆகியவை அடங்காதவற்றில் முக்கியமானவை. அடங்காத நிறத்தை அச்சுக்கு மாற்றும்போது, கணினி தனக்குத் தெரிந்த அண்டை நிறத்துக்கு அதை இறக்கிவிடுகிறது. திரையின் தூய நீலம் காகிதத்தில் ஊதாவாகச் சாய்வது இதனால்தான். அந்தப் பெண்ணின் கடல் மங்கியதன் காரணம் இதுவே. மையில் கலப்படமும் இல்லை. யந்திரத்தில் கோளாறும் இல்லை.

இதற்குப் பரிகாரம் யாதெனில், வரையும்போதே அச்சு வர்ணத்தில் பார்த்துக்கொள்வது. எந்தக் காகிதம், எந்த யந்திரம் என்பதற்கேற்ப வர்ணங்களை மாற்றும் கணக்கு அடங்கிய சிறு கோப்பு ஒன்று உண்டு. வர்ண ப்ரொஃபைல் என்று அதற்குப் பெயர். தாம் எதை உபயோகிக்கிறோம் என்று அச்சுக்கூடத்தாரைக் கேட்டால் சொல்வார்கள். அதைக் கணினியில் பொருத்தி, அச்சில் எப்படித் தோன்றும் என்ற மாதிரியைத் திரையிலேயே பார்க்கும் வசதியைத் திறந்துவைத்துக்கொண்டு வரைந்தால், பின்னால் ஏமாற்றம் இராது. மங்கும் நிறத்தை முன்கூட்டியே கண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னும் அடங்கிய நிறம் ஒன்றை வைத்தால், மங்கியதும் எடுப்பாகிவிடும். இந்த மாற்றத்தை வேலையின் முடிவில் ஒரே ஒரு முறை செய்வதே நல்லது. முன்னும் பின்னுமாகப் பலமுறை மாற்றினால் ஒவ்வொரு முறையும் நிறம் சிறிது சேதமாகும்.

அடுத்தபடியாக வலைகளின் சங்கதி. முதலாளி நம் மேலட்டையின் மீது பூதக் கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், கடலும் இல்லை, படகும் இல்லை. நான்கு நிறத்தில் எண்ணற்ற புள்ளிகள்! வீட்டிலிருக்கும் தினசரிக் காலண்டரின் படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் எந்தக் குழந்தைக்கும் இந்த இரகசியம் புலப்படும். யந்திரத்துக்கு இளநீலம் என்று ஒரு மை கிடையாது. நீல மையைச் சிறு புள்ளிகளாக இட்டு, நடுவே காகிதத்தின் வெண்மை தெரிய விட்டால், தூரத்திலிருந்து நம் கண் அதை இளநீலம் என்று நம்பிவிடுகிறது. ஜெர்மானியரான ஜார்ஜ் மைசன்பாக் 1882-இல் உரிமை பெற்ற இந்தப் புள்ளி முறைதான், பத்திரிகைகளில் புகைப்படங்கள் இடம்பெற வழி திறந்துவிட்டது.

நல்ல ஆர்ட் காகிதத்தில் இந்தப் புள்ளி வரிசைகள் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 150 இருக்கும். அவற்றுக்குத் தீனி போட, சித்திரக் கோப்பில் அதைப்போல் இரு மடங்கு, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும் என்பது தொழிலில் நிலைத்த கணக்கு. ஏ-4 அளவு மேலட்டைக்குக் குறுக்கே 2480, நெடுக்கே 3508 பிக்ஸல் தேவை. நம் மாணவியின் கோப்பிலோ குறுக்கே 1200, நெடுக்கே 1600 தான் இருந்தன. அதை இழுத்து மேலட்டை முழுவதும் பரப்பியபோது அங்குலத்துக்கு 137 மட்டுமே கிடைத்தது. அரைப்படி அரிசியில் ஊருக்குச் சமைத்தால் கஞ்சியாகத்தானே இருக்கும்? வலையின் கண்கள் கரைந்துபோனது இப்படித்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோப்பின் விவரத்தில் 72 என்றிருப்பதை அடித்துவிட்டு 300 என்று எழுதிவிட்டால் காரியம் முடிந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். பாலில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாத்திரத்தின் மேல் 'சுத்தமான பால்' என்று சீட்டு ஒட்டுவதற்கும் இதற்கும் பேதமில்லை. இல்லாத நுணுக்கத்தைக் கணினி ஊகித்து நிரப்புமேயன்றி மீட்டுத் தராது. அவ்வாறே, கைபேசியின் செய்திச் செயலியில் படத்தைப் படமாகவே அனுப்பினால், வழியில் அது சுருக்கப்பட்டுவிடுவது வழக்கம். கோப்பாக அனுப்புவதே முறை. வரைந்த மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழித்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் 300 வேண்டும் என்பதும் இல்லை. தெரு முனையில் கட்டும் பெரிய ஃபிளெக்ஸ் பதாகையைப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கிறோம். அதற்கு 100 இருந்தாலே போதுமானது. கையில் பிடித்துப் படிக்கும் காகிதத்துக்குத்தான் அவ்வளவு நுணுக்கம் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, அந்தப் பெயர். நமக்கு மிகவும் உறுத்தியது அதுதான். முதலாளி நம்மைக் கட்டிங் யந்திரத்தருகே அழைத்துச் சென்று காட்டினார். அச்சான தாள்களை ஒரு பெரிய அடுக்காக வைத்து, ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். அடுக்கின் உச்சியிலிருக்கும் தாளும் அடியிலிருக்கும் தாளும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் வெட்டுப்படும் என்று எந்தத் தொழிலாளியும் உறுதி கூற முடியாது. ஒரு மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ நகர்ந்தே தீரும்.

சித்திரம் சரியாகத் தாளின் ஓரத்தோடு முடிந்துவிட்டால், வெட்டு வெளியே நகரும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். இதற்காகவே நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் அதிகமாகச் சித்திரத்தை நீட்டி வரைய வேண்டும். அச்சுக்கூடத்தில் இதற்குப் 'பிளீட்' என்று பெயர். ஏ-4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். பிளீட் சேர்த்தால் 216-க்கு 303. பிக்ஸல் கணக்கில் 2551-க்கு 3579. நம் கோப்பில் பிளீட் இல்லை. வெள்ளைக் கோடு விழாமலிருக்க வேண்டி, அச்சுக்கூடத்துப் பையன் சித்திரத்தையே சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளியிருக்கிறான். தள்ளப்பட்ட ஓரத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? நாம் பிளீட் விட்டிருந்தால் அவன் அதைத் தொட்டிருக்கவே மாட்டான்.

வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டுவது போலவே, உள்ளேயும் குறைந்தது 5 மில்லிமீட்டர் ஒதுக்கிவிட வேண்டும். பெயர், தேதி, முகவரி, சுவாமி படம் முதலிய முக்கியமானவை எவையும் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. வீட்டு மனையில் மதிற்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே இடம் விடுவதில்லையா? அதுபோலத்தான்.

பின்னட்டையில் இன்னொரு விபரீதமும் நேர்ந்திருந்தது. தலைமையாசிரியரின் வாழ்த்துச் செய்தி சின்னஞ்சிறு எழுத்துக்களில் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு நிழல்! படிப்பவருக்குத் தலை சுற்றியது. திரையின் கறுப்பை அச்சுக்கு மாற்றும்போது, அது தனிக் கறுப்பு மையாக மாறாமல் நான்கு மைகளின் கலவையாக மாறிவிடுகிறது. நான்கு பிளேட்டுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்து இரட்டையாகத் தெரியும். ஆகவே எழுத்துக்கள் கறுப்பு மை ஒன்றில் மட்டும், 100 சதவீதமாக இருக்க வேண்டும். கீழேயுள்ள வர்ணத்தின் மேலேயே அது அச்சாகும்படி அமைக்கவும் வேண்டும். வெள்ளை எழுத்துக்கு மட்டும் இவ்விதம் அமைத்துவிடக் கூடாது. வெள்ளை என்பது மை இல்லாத இடம். அதை மேலே அச்சிடச் சொன்னால் எழுத்தே மாயமாகிவிடும்.

பெரிய கறுப்புப் பரப்புக்கு மட்டும், கறுப்புடன் மற்ற மைகளையும் ஓரளவு சேர்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் அதற்கும் அளவுண்டு. நான்கு மைகளும் முழுமையாக ஓரிடத்தில் விழுந்தால் 400 சதவீதம். ஆர்ட் காகிதம் 300 முதல் 330 வரை தாங்கும். செய்தித்தாள் காகிதம் 240 அளவுதான் தாங்கும். மிஞ்சினால் மை உலராமல் மேலே அடுக்கப்படும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சாப்பாடாயினும் மையாயினும் ஜீரணிக்கிற அளவு போட்டால்தான் அழகு.

இனி எழுத்தைப் பற்றி. இது தமிழில் அச்சிடுகிற நமக்கே உரிய தொல்லை. மலரின் கவிதைப் பக்கம் ஒன்றில் 'கொ' என்னும் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி, மெய்யெழுத்து திக்குத் தெரியாமல் நடுவே தவித்தது. யூனிகோட் முறையில் 'கொ' என்பது ககரமாகவும், அதன் பின் ஓர் ஒகரக் குறியாகவும் கோப்பில் பதிகிறது. கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது பக்கம் அமைக்கும் மென்பொருளின் வேலை. தமிழுக்குரிய இந்த ஒழுங்கை அறியாத பழைய மென்பொருள்களில் எழுத்து சிதறுகிறது. பழைய எழுத்துருக்களின் கதை வேறு. அவற்றில் பல, ஆங்கில எழுத்துக்களின் ஸ்தானத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு அச்சுக்கூடத்துக் கணினியில் இல்லையென்றால், நம் கவிதை முழுவதும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாகக் கொட்டும்.

ஆகையால் எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்ப வேண்டும். மேலட்டைத் தலைப்பு போன்ற பெரிய எழுத்துக்களைக் கோட்டுருவமாகவே மாற்றிவிடலாம். பிறகு எந்தக் கணினியிலும் அது மாறாது. ஆனால் மாற்றிய பின் எழுத்துப் பிழையைத் திருத்த இயலாது. எனவே மாற்றாத பிரதி ஒன்றையும் வீட்டில் பத்திரப்படுத்துவது அவசியம்.

இவை எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து முத்திரையிடுவது போன்றதுதான் பி.டி.எஃப் என்னும் கோப்பு. 1993-இல் வெளிவந்த இந்த வடிவம் 2008-இல் சர்வதேசத் தரமாகவே ஏற்கப்பட்டது. அதிலும் அச்சுத் தொழிலுக்கென்றே பி.டி.எஃப் எக்ஸ் என்னும் பிரிவு ஒன்று உண்டு. எழுத்துரு பதிந்திருக்க வேண்டும், வெட்டும் எல்லையும் பிளீடும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், எந்த வர்ணக் கணக்கில் அச்சாக வேண்டும் என்பது சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் அதில் அடங்கியுள்ளன. அப்பிரிவிலும் சில வகைகள் இருப்பதால், எந்த வகை வேண்டும் என்று அச்சுக்கூடத்தாரைக் கேட்டுக்கொள்வது உத்தமம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் இதற்கு வேண்டும் என்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் என்னும் மென்பொருளிலேயே நான்கு மை வர்ணத்தில் பக்கம் அமைத்து, இவ்வகைக் கோப்பை உண்டாக்கலாம். நம்மைப் போன்ற பள்ளிக்கூடங்களுக்கு இது பெரிய உபகாரம்.

பாடம் முடிந்ததும், "இவ்வளவும் தெரிந்திருந்தும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று நாம் கேட்டோம்.

"புரூப் எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன் ஸார். நீங்கள் வேண்டாம் என்றீர்களே!" என்றார் அவர்.

அதற்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? பரீட்சைத் தாளைக் கொடுக்கும் முன் ஒரு முறை திரும்பப் படித்துப் பாருங்கள் என்று இருபது வருஷமாகக் குழந்தைகளுக்கு உபதேசம் செய்து வருகிறோம். நம் தாளை நாமே திரும்பப் பார்க்கவில்லை.

புரூப் விஷயத்தில் இரண்டு வார்த்தை. திரையில் பார்க்கும் புரூப் எழுத்துப் பிழை காண உதவும். வர்ணத்துக்கு அதை நம்பலாகாது. வர்ணம் முக்கியமானால், காகிதத்தில் ஒரு மாதிரி எடுத்துத் தரச் சொல்லி, அதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வீட்டு மஞ்சள் விளக்கின் கீழ் நீலம் ஒரு விதமாகவும், திண்ணையில் வேறு விதமாகவும் தோன்றும். மாதிரியும் மலருக்கு உபயோகிக்கப்போகும் அதே வகைக் காகிதத்தில் இருப்பது நலம். வழவழப்பான ஆர்ட் காகிதத்தில் மை மேலேயே நிற்கும்; மேப்லித்தோ காகிதத்தில் உள்ளே ஊறி அடங்கிவிடும். ஒரே கோப்பு இரண்டு காகிதத்தில் இரண்டு சித்திரமாகத் தெரியும். பெயர்களையும் தேதிகளையும் கோப்பை அமைத்தவரல்லாத வேறொருவர் படித்துப் பார்க்க வேண்டும். நம் பிழை நம் கண்ணுக்கு எளிதில் படாது.

மறு வருஷம் மலர் வேலை ஆரம்பமானபோது நாம் முதலில் அச்சுக்கூடத்துக்குப் போனோம். காகிதம் எது, அளவு எது, ப்ரொஃபைல் எது என்று எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டோம். பிறகு அதே பெண்ணைக் கூப்பிட்டனுப்பினோம். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. "மறுபடியும் வரைந்து தருவாயா அம்மா?" என்று கேட்கும்போது நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. அவள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைத்தானே ஸார் அன்றைக்குக் கேட்டேன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

குறுக்கே 2551, நெடுக்கே 3579 என்று பரப்பை வகுத்துக்கொண்டு, அதே கடலை மறுபடியும் வரைந்தாள். காகிதத்தில் எடுத்த மாதிரியை எடுத்துக்கொண்டு, வகுப்பு வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். திரையிலிருந்த நீலம் இதிலும் இல்லைதான். நாம் கவலையுடன் அவள் முகத்தைப் பார்த்தோம். "திரையில் இருந்தது அழகாக இருந்தது ஸார். ஆனால் எங்கள் கடல் அப்படி இருக்காது, இப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு ஓரிடத்தில் மட்டும் வானத்தைச் சிறிது வெளுக்கச் செய்து கோப்பை முடித்துக் கொடுத்தாள். பெயரை ஓரத்திலிருந்து தள்ளி, ஒரு படகின் பக்கப் பலகையில், படகுக்குப் பெயர் எழுதுவது போல் எழுதியிருந்தாள். எந்தக் கத்தியும் அங்கே எட்டாது.

விழாவன்று அவளுடைய தாயார் மறுபடியும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேலட்டையின் மூலையிலிருந்து தேட ஆரம்பித்த விரல், படகின் மீது வந்து நின்றது. பக்கத்திலிருந்த அம்மாளிடம் அதைக் காட்டினார்.

நேயர்கள் இனி அச்சுக்கு எதை அனுப்பினாலும், கணினியைத் திறப்பதற்கு முன் அச்சுக்கூடத்துக்கு ஒரு நடை நடந்து, அளவையும் காகிதத்தையும் கேட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம். நேரமில்லையென்று தோன்றும்போது புரூப்பைக் கட்டாயம் கேளுங்கள். முக்கியமாக, வீட்டுக் குழந்தை ஒன்று, "எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும்?" என்று கேட்டால், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.